நம்ம வீட்டு வினாடி வினா குழு: 2,50,000 எங்க போச்சு?

அருண்: ஒரு டவுட். "ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்" வினாடி வினா ஷோவோட ஜெர்மனி பதிப்புல, பரிசு ஏணியில 64,000, 1,25,000, அதுக்கு மேல நேரா 5,00,000, அப்புறம் 10 லட்சம் யூரோ. நடுவுல 2,50,000 காணோமே. பட்டியல் போட்டவங்க விட்டுட்டாங்களா?

பாலு மாமா: விடலடா. அங்க அடிப்படியே 50 யூரோ. 50, 100, 200, 300, 500னு ஏறும். மொத்தம் 15 கேள்விதான். கீழ ஒண்ணு சேர்ந்தா மேல ஒண்ணு கழிஞ்சாகணும். கழிஞ்சது 2,50,000.

வித்யா: பிரிட்டன்ல 1998 செப்டம்பர்ல ஆரம்பிச்சப்போ முதல் படி 100 பவுண்டு. கடைசி நாலு படி 1,25,000, 2,50,000, 5,00,000, 10 லட்சம். எல்லாம் ரெட்டிப்பு. அமெரிக்காக்காரங்க 1999-ல பவுண்டை டாலர் ஆக்கி அதே ஏணியை வச்சுக்கிட்டாங்க.

அருண்: சரி, ஒரு படிதானே. பெருசா என்ன மாறிடப் போகுது?

பாலு மாமா: எப்போ எழுந்து போகணும்ங்கறதே மாறும். கணக்கு இதுதான். கையில இருக்கற தொகையிலேர்ந்து தப்பானா கிடைக்கறதைக் கழி. அதை, சரியானா கிடைக்கறதுல இருந்து தப்பானா கிடைக்கறதைக் கழிச்சு வர்றதால வகு. அந்த சதவீதத்துக்கு மேல நம்பிக்கை இருந்தா ஆடு. கீழன்னா க்விட்.

பாலு மாமா: பிரிட்டன் பழைய ஏணி. கையில 1,25,000. சேஃப் லெவல், அதாவது தப்பானாலும் கையில நிக்கற தொகை, 32,000. அடுத்தது 2,50,000. ஆயிரத்துல போட்டா 93 ÷ 218. அதாவது 42.7%.
ஜெர்மனி. கையில அதே 1,25,000. சேஃப் 16,000. அடுத்தது 5,00,000. 109 ÷ 484. வெறும் 22.5%.

அருண்: இருங்க. நாலு ஆப்ஷன்ல கண்ணை மூடிட்டுத் தொட்டாலே 25% ஆச்சே!

பாலு மாமா: அதேதான். கால் பங்கு 5 லட்சம் = 1,25,000. முக்கால் பங்கு 16,000 = 12,000. கூட்டினா 1,37,000. கையில இருக்கறதை விட 12,000 அதிகம். ஒண்ணுமே தெரியாதவனுக்கும் சராசரியில லாபம்.

வித்யா: அதைவிட வேடிக்கை ரிஸ்க் ஆட்டம். 2007-லேர்ந்து அங்க போட்டியாளர் ஆரம்பத்துலயே தேர்ந்தெடுக்கலாம். நாலாவதா ஒரு லைஃப்லைன், அதாவது உதவி வாய்ப்பு, கிடைக்கும். விடை தெரியும்னு நினைக்கற பார்வையாளர்கள் எழுந்து நிப்பாங்க, அதுல ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேக்கலாம். ஆனா 16,000 சேஃப் போயிடும். தப்பானா 500 யூரோதான். அப்படியும் மாமா கணக்குப்படி 24.9% வருது. மயிரிழையில 25-க்குக் கீழ!

கீதா சித்தி: கணக்கெல்லாம் சரி. ஆனா சராசரி நூறு தடவை ஆடறவங்களுக்கு. அந்த நாற்காலியில ஒருத்தர் ஒரு தடவைதான் உக்கார்றார். நாலுல மூணு வாய்ப்பு 1,25,000 கரைஞ்சு 16,000 ஆகறதுக்கு. வீட்டுக்கடன் இருக்கறவர் 25%-ஐ நம்பித் தொடக் கூடாது.

பாலு மாமா: ஒத்துக்கறேன். இந்தக் கணக்கு "ஆடு"ன்னு சொல்றதுக்கு இல்ல. இதுக்குக் கீழ ஆடவே ஆடாதேன்னு சொல்றதுக்கு.

வித்யா: அப்போ ஜப்பானைப் பாருங்க, நேர் எதிர். ஃபுஜி டிவியில 2000 முதல் 2007 வரை ஓடினது. உச்சப் பரிசு 1 கோடி யென். கடைசிப் படிகள் 25 லட்சம், 50 லட்சம், 75 லட்சம், 1 கோடி. சேஃப் 10 லட்சம்.

அருண்: நானே போடறேன். (75−10) ÷ (100−10) = 65 ÷ 90. 72.2%!

வித்யா: ஃபிஃப்டி ஃபிஃப்டி போட்டு ரெண்டு ஆப்ஷன் மிச்சம் இருந்தாலும் அங்க கடைசிக் கேள்வியை ஊகத்துல ஆடக் கூடாது. ஏன்னா கூட வர்றது 25 லட்சம், போறது 65 லட்சம். அந்த ஏணி மேல போகப்போக சரிவு குறையுது. அதனாலதான் அங்க டென்ஷனை தொகுப்பாளர் மோனோ மொன்டா தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. "ஃபைனல் ஆன்சர்?"னு கேட்டுட்டு முகத்தையே பார்த்துக்கிட்டு இருப்பார், பார்க்கறவங்களுக்கு மூச்சு முட்டும்.

கீதா சித்தி: மீனோ மொன்டா.

வித்யா: ஆமா, மீனோ. கீபோர்டு 🙈

அருண்: நம்ம ஊர் எப்படி?

பாலு மாமா: ஹிந்தி கேபிசி (கௌன் பனேகா கரோர்பதி) 2000 ஜூலையில வந்தப்போ பிரிட்டன் ஏணிக்கு அச்சு அசல். 3.2 லட்சம் சேஃப், 50 லட்சத்துக்கு மேல 1 கோடி. 46.8 ÷ 96.8 = 48.3%. பிரிட்டன்ல 5 லட்சத்துலேர்ந்து 10 லட்சத்துக்குப் போட்டாலும் இதே 48.3 வரும்.
தமிழ்ல சன் டிவியில சரத்குமார், 2012-ல விஜய் டிவியில சூர்யா, பின்னாடி பிரகாஷ் ராஜ், அரவிந்த் சாமி, 2019-ல கலர்ஸ் தமிழ்ல பெண்களுக்கு மட்டும்னு ராதிகா. எல்லாத்துலயும் உச்சம் 1 கோடி. ஹிந்தியில மட்டும் 2 கோடி, 5 கோடி, 7 கோடி, 7.5 கோடின்னு ஏறிக்கிட்டே போச்சு.

அருண்: 1 கோடிக்கு அடுத்த படியே 7 கோடின்னு ஆனப்போ சேஃப் அதே 3.2 லட்சமா?

பாலு மாமா: அதே. 1 கோடி கையில வச்சுக்கிட்டு 7 கோடிக்கு ஆடணும்னா 96.8 ÷ 696.8. 13.9%. சராசரிப்படி கண்ணை மூடிட்டுத் தொடலாம். ஆனா முக்கால்வாசி வாய்ப்பு 1 கோடி 3.2 லட்சமா மாறறதுக்கு. யார் தொடுவா? கும்பிடு போட்டுட்டு எழுந்துடுவாங்க. அதனால பெரிய பரிசு விளம்பரத்துக்கு ஆச்சு, ஆட்டத்துக்கு ஆகல.

வித்யா: அதைச் சரிபண்ணின மாதிரி 2022 சீசன்ல 50 லட்சத்துக்கும் 1 கோடிக்கும் நடுவுல 75 லட்சம்னு ஒரு சேஃப் படி நுழைச்சாங்க. 1 கோடியிலேர்ந்து 7.5 கோடிக்கு ஆடித் தப்பானா 75 லட்சம் உண்டு. போறது 25 லட்சம்தான். 25 ÷ 675 = 3.7%. அந்த சீசன்ல ஒருத்தர் நிஜமாவே ஆடிப் பார்த்துத் தப்பாகி 75 லட்சத்தோட போனார். என்னைக் கேட்டா பரிசை 7.5 ஆக்கினதைவிட இந்த ஒரு படிதான் நல்ல மாற்றம்.

கீதா சித்தி: எல்லாரும் செக்ல இருக்கற தொகையையே பேசறீங்க. கைக்கு வர்றது வேற. பிரிட்டன்ல போட்டியாளருக்கு வரியே இல்ல, 10 லட்சம்னா 10 லட்சம். நம்ம ஊர்ல கேம் ஷோ பரிசுக்கு எவ்வளவு ஜெயிச்சாலும் ஒரே 30% வரி. அடிப்படை விலக்கு வரம்பு பொருந்தாது, சேமிப்புக்கான கழிவு கிடையாது, போக வர ஆன செலவையும் கழிக்க முடியாது.

அருண்: விகிதம் ஒண்ணுன்னா மேலயும் கீழயும் ஒரே மாதிரிதானே குறையும் சித்தி? மாமா கணக்கு மாறாதே.

கீதா சித்தி: நல்ல கேள்வி. வெறும் 30%-ன்னா மாறாது. ஆனா மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினா வரி மேல 10% சர்சார்ஜ், 1 கோடியைத் தாண்டினா 15%. எல்லாத்துக்கும் மேல 4% செஸ். இப்ப இருக்கற விகிதத்துல போடறேன், வேற வருமானம் இல்லாதவருக்கு.

கீதா சித்தி: 3.2 லட்சம்: வரி 96,000, செஸ் 3,840. கையில சுமார் 2.20 லட்சம்.
50 லட்சம்: சரியா 50, தாண்டல, சர்சார்ஜ் இல்ல. வரி 15 லட்சம், செஸ் 60,000. கையில 34.40 லட்சம்.
1 கோடி: வரி 30 லட்சம், சர்சார்ஜ் 3 லட்சம், செஸ் 1.32 லட்சம். மொத்தம் 34.32 லட்சம். கையில 65.68 லட்சம்.

பாலு மாமா: அடடே. அப்போ (34.40 − 2.20) ÷ (65.68 − 2.20) = 32.20 ÷ 63.48. 50.7%.

அருண்: 48.3 எங்க, 50.7 எங்க. ஃபிஃப்டி ஃபிஃப்டி போட்டு ரெண்டுல ஒண்ணைத் தொடறவருக்கு வரிக்கு முன்னாடி லாபம், வரிக்கு அப்புறம் நஷ்டமா!

கீதா சித்தி: அதான். அமெரிக்காவிலயும் பரிசு சாதாரண வருமானத்தோட சேரும், தொகை ஏற ஏற விகிதமும் ஏறும், அதனால அங்கயும் இதே இழுப்பு உண்டு.
இன்னொண்ணு, நிறையப் பேர் இடறி விழற இடம். சேனல் பிடிச்சுக்கிட்டுத் தர்றது 30% டிடிஎஸ் மட்டும். 1 கோடிக்கு 30 லட்சம் பிடிச்சு 70 லட்சம் வரும். மீதி 4.32 லட்சம் ஜெயிச்சவரே கட்டணும். 70-உம் நம்மதுன்னு செலவு பண்ணிட்டா ரிட்டர்ன் போடும்போது வட்டியோட நிக்கும். பணம் வந்த உடனே அந்த 4.32-ஐத் தனியா ஒதுக்கி அட்வான்ஸ் டாக்ஸா கட்டிடணும்.

வித்யா: சித்தி, அமெரிக்காவில 1999 நவம்பர்ல முதல் 10 லட்சம் டாலர் ஜெயிச்ச ஜான் கார்பென்டர் வேலை பார்த்தது வருமான வரித்துறையில 😄

கீதா சித்தி: அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருந்திருக்காது.

அருண்: அவர்தானே கடைசிக் கேள்வியில அப்பாவுக்கு ஃபோன் போட்டு, உதவி வேண்டாம், நான் ஜெயிக்கப் போறேன்னு சொன்னவர்?

வித்யா: அவரேதான். அந்த ஃபோன் லைஃப்லைனையே அமெரிக்காவில 2010 ஜனவரியோட தூக்கிட்டாங்க. 30 விநாடியில ஃப்ரெண்டு இணையத்துல தேட ஆரம்பிச்சதுதான் காரணம். பிரிட்டன்ல தூக்கல, 2018-ல ஜெரமி க்ளார்க்சன் தொகுப்பாளரா வந்தப்புறம் ஃப்ரெண்டு பக்கத்துலயே நிகழ்ச்சி ஆள் ஒருத்தரை உக்கார வச்சாங்க. எனக்கு ரெண்டாவது வழிதான் பிடிச்சிருக்கு.

பாலு மாமா: ஃபோன்ல ஆப்ஷனை மொத்தமா வாசிச்சே 15 விநாடி போயிடும். முதல்ல கேள்வியோட முக்கியச் சொல், அடுத்து நாலு ஆப்ஷன், கடைசியா "எத்தனை சதவீதம் நிச்சயம்?" அந்தச் சதவீதத்தை நாம போட்ட 48, 50.7 கூட ஒப்பிடலாம். விடையை மட்டும் வாங்கிட்டு வச்சா பாதிதான் பிரயோஜனம்.

அருண்: ஆடியன்ஸ்கிட்ட ஓட்டு கேக்கற லைஃப்லைன்?

வித்யா: கீழ்ப்படியில தங்கம், மேல்படியில பித்தளை. சினிமா, விளையாட்டு, அன்றாடச் செய்தின்னா கூட்டத்துக்குத் தெரியும். ஃப்ரான்ஸ்ல பூமியைச் சுத்தி வர்றது எதுன்னு ஒரு கேள்வி. நிலா, சூரியன், செவ்வாய், வெள்ளி. அரங்கத்துல 56% சூரியன்னு அழுத்தினாங்க, போட்டியாளர் அதை நம்பித் தோத்தார்.

பாலு மாமா: அதனால ஃபிஃப்டி ஃபிஃப்டிக்கு முன்னாடி ஆடியன்ஸைக் கேளு. நாலு ஆப்ஷன்ல ஓட்டு சிதறியிருந்தா அவங்களுக்கும் தெரியலன்னு புரிஞ்சிடும். ரெண்டு மட்டும் மிச்சம் இருக்கறப்போ கேட்டா ஊகம் பண்றவங்களும் அந்த ரெண்டுலயே விழுவாங்க, 60-40ன்னு வந்து தெரிஞ்ச மாதிரி ஏமாத்தும்.

கீதா சித்தி: பேரு மாறின கதையும் உண்டே. இத்தாலியில 100 கோடி லிரான்னு "மிலியார்தாரியோ"ன்னு ஆரம்பிச்சாங்க, யூரோ வந்ததும் "மிலியோனாரியோ" ஆச்சு. துருக்கியில பேரே "500 பில்லியன் யாருக்கு வேணும்". 2005-ல பணத்துல ஆறு சைபரை வெட்டினதும் அதே ஷோ "500 ஆயிரம்" ஆயிடுச்சு. பரிசோட மதிப்பு அப்படியே.

அருண்: கடைசியா ஒண்ணு. க்ளார்க்சன் ஷோவுல ரெண்டாவது சேஃப் லெவலைப் போட்டியாளரே வைக்கலாமாமே. எங்க வைக்கறது லாபம்?

பாலு மாமா: 1,000 பவுண்டு தாண்டினப்புறம் எந்தப் படியிலயும் வைக்கலாம், 5 லட்சம் வரைக்கும். ஆனா கேள்வியைப் பார்க்கறதுக்கு முன்னாடியே சொல்லணும். அந்தக் கேள்விக்குச் சரியாச் சொன்னாத்தான் சேஃப். தப்புன்னா 1,000-க்கு விழுந்துடுவ.

வித்யா: 5 லட்சத்துல வச்சா கடைசிக் கேள்வி ஓசி ஆட்டம்.

பாலு மாமா: ஆமா, ஆனா அதுவரைக்கும் காலடியில 1,000தான். 2,50,000-லேர்ந்து 5 லட்சத்துக்கு ஆட 249 ÷ 499, 49.9% நம்பிக்கை வேணும். 32,000 சேஃப் இருந்தா அதுவே 46.6%. வித்தியாசம் சின்னதுதான். தப்பினா விழற ஆழம்தான் பெருசு. என் கணக்கு: லைஃப்லைன் குறைஞ்சது ரெண்டு மிச்சம் இருந்தா 64,000 அல்லது 1,25,000 வரை தள்ளு. ஒண்ணுதான் இருக்குன்னா 32,000-லயே போட்டுடு. தொகுப்பாளரையே கேக்கற "ஆஸ்க் தி ஹோஸ்ட்" மட்டும் மிச்சம்னா அதை லைஃப்லைன் கணக்குல சேர்க்காதே. க்ளார்க்சனுக்கும் திரையில விடை தெரியாது, கார், விமானம்னா கேட்டுப் பார்க்கலாம்.

அருண்: ஏணி அஞ்சையும் எக்செல்ல போட்டு அனுப்பறேன், வரிக்கு முன்னாடி ஒரு நெடுவரிசை, பின்னாடி ஒரு நெடுவரிசை.

கீதா சித்தி: சர்சார்ஜ் வரம்புக்குத் தனி நெடுவரிசை வை. 50 லட்சத்துக்கு மேல கொஞ்சமா தாண்டினா மார்ஜினல் ரிலீஃப்னு சர்சார்ஜைக் குறைக்கற சலுகை வரும், நேரா 10% போட்டா தப்பா காட்டும்.