மறு: பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது என்பதற்குக் கதைக்குள் ஆதாரம், என்ன சொல் வைக்கலாம்?

> 'அகச்சான்று' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அன்பின் ஐயா,

அகச்சான்று நல்ல சொல்தான். ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஒரு நூலின் காலம் எது, எழுதியவர் யார் என்று நூலுக்குள்ளேயே தேடும்போதுதான் அதை எடுக்கிறோம், கல்வெட்டும் செப்பேடும் புறச்சான்றாகப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்புறம், 'அகம்' என்றதும் பிள்ளைகள் பாத்திரத்தின் மனசுக்குள் இறங்கிக் கதையில் இல்லாததையெல்லாம் எழுதுகிறார்கள், விடைத்தாளில் பார்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையையே எடுத்துக்கொள்வோம். அம்மாளு மில் கூலி. ஜட்கா ஓட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான், பால் கஞ்சி கேட்கிறான், கையில் காசில்லை. இரவில் ஒருவனோடு இருளுக்குள் போகிறாள், முக்கால் ரூபாய் கிடைக்கிறது. ஏன் போனாள்? "புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கத்தான்" என்று கதையே சொல்லிவிடுகிறது, அந்தத் 'தான்' வேறு எந்தக் காரணத்துக்கும் இடம் வைக்கவில்லை. ஆனால் அதைச் சொல்வது கதைசொல்லி, அம்மாளு வாய் திறக்கவில்லை. அதனால் இன்னொன்றும் தேட வேண்டும். அந்த ஆள் அவள்மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தவன் என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறதே, அதைப் பாருங்கள். அத்தனை நாளும் போகாதவள் இன்று போகிறாள் என்றால் இன்று மாறியது என்ன? பால் கஞ்சி. எனக்கு முதலாவதைவிட இது பெரிய ஆதாரம்.

இதற்குத்தான் பெயர் வேண்டும். 'உரைச்சான்று' என்றால் பரிமேலழகர் உரை, நச்சினார்க்கினியர் உரை என்று எண்ணம் அங்கே போய்விடும். 'பாடச்சான்று' என்றால் பாடபேதத்தோடு, அதாவது ஒரே நூலின் படிகளில் சொற்கள் மாறி வருவதோடு, குழம்பும். 'வரிச்சான்று' என்று நானே முதலில் எழுதினேன், வாய்விட்டுப் படித்தால் வரி கட்டியதற்கான சான்றிதழ் மாதிரி கேட்கிறது, விட்டுவிட்டேன்.

என் முன்மொழிவு 'சொற்சான்று'. எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய், அதைக் காட்டு, அவ்வளவுதான். செயல் சொல்லாகாதே என்று கேட்கலாம். கதையில் செயலும் சொல்லாகத்தானே வருகிறது? இதற்குள் இரண்டு வகை வைக்கலாம். வெளிப்படையாகச் சொல்லப்பட்டது கூற்றுச் சான்று, நாமாக உய்த்துணர்வது குறிப்புச் சான்று. கூற்றும் குறிப்பும் நம் இலக்கணத்தில் பழகிய சொற்கள், புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

பாத்திரம் அப்படிச் செய்த காரணத்தைக் குறிக்க 'உள்நோக்கம்' மட்டும் வேண்டாம், தயவுசெய்து. செய்தித்தாளில் அது கெட்ட எண்ணத்துக்கே ஆகிவிட்டது, அம்மாளுவுக்கு அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. 'நோக்கம்' போதும்.

வினாத்தாளில் இப்படி வரும்: "அம்மாளு இருளுக்குள் சென்றதன் நோக்கம் என்ன? இரண்டு சொற்சான்றுகள் காட்டுக." சத்தமாக ஒருமுறை படித்துப் பார்த்து, இடறுகிறதா என்று எழுதுங்கள்.