ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஈறு சிகிச்சை: அனுபவம் இருந்தால் சொல்லுங்களேன்

வணக்கம். அப்பாவுக்குப் போன வருடம் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) நன்றாகவே இறங்கிவிட்டது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஹெச்எஸ்-சிஆர்பி மட்டும் 4-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. பல் துலக்கினால் வாஷ்பேசின் முழுக்க ரத்தம். கீழ் முன்பல் இரண்டு ஆடுகின்றன. ஈறுப் பிரச்சினைக்கும் சிஆர்பிக்கும் தொடர்பு இருக்குமோ என்று படிக்க ஆரம்பித்தேன்.

ஈறு நோய்க்குக் காரணமான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. அது ஈறுப் புண் வழியாக ரத்தத்தில் கலந்தால், ரத்தக்குழாயின் உள்சுவர் உஷாராகி வெள்ளணுக்களை இழுக்கும். அவை கொழுப்பை விழுங்கிவிட்டு அங்கேயே தங்கிவிடும். அடைப்பு வளர்வது இப்படித்தான். அழற்சியைக் குறைத்தாலே மாரடைப்பு குறையும் என்று, அழற்சியைக் குறைக்கும் மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்த கான்டோஸ் ஆய்வு 2017-ல் காட்டியது. அந்த மருந்து எல்டிஎல்லைத் தொடவே இல்லை. ஆனால் ஈறு சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கு இன்னும் நிரூபணம் இல்லை. கிளமிடியா நிமோனியே என்ற வேறொரு கிருமியைக் குறிவைத்து அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்த 2005 ஆய்விலும் பலன் இல்லை. அதனால் ஆன்டிபயாடிக் யோசனை வேண்டாம்.

சரி, என் கேள்வி இதுதான். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிட்டுக்கொண்டே ஈறு டீப் கிளீனிங் (ஈறுக்கு அடியில் சுத்தம் செய்வது) செய்தவர்கள் இருக்கிறீர்களா? பல் டாக்டர் மாத்திரையை ஐந்து நாள் நிறுத்தச் சொல்கிறார். இதய டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம்தான் அப்பாயின்ட்மென்ட். அவரைக் கேட்காமல் நிறுத்த மாட்டோம். உங்களுக்கு என்ன சொன்னார்கள், ரத்தம் எவ்வளவு நேரம் கசிந்தது? அப்புறம், ஈறு ஆறியதும் சிஆர்பி குறைந்ததா?