162 ஆட்டம் முடியிற கிழமை: உங்கட அனுபவத்தை எழுதுங்கோ

கொக்குவிலில இருந்து

எங்கட பக்கம் பேஸ்போல் பார்க்கிற ஆக்கள் குறைவு. ஆனால் ஸ்காபரோவிலயோ மார்க்கத்திலயோ ஒரு சொந்தம்கூட இல்லாத வீடும் குறைவு. கனடாவில இருந்து வாற பிள்ளையள் நீலக் குருவி போட்ட தொப்பியோட நல்லூர்த் திருவிழாவில நிக்கிறதை எல்லாரும் கண்டிருப்பியள். எனக்கு இந்த விளையாட்டு அப்பிடித்தான் வந்து சேர்ந்தது. இப்ப செப்டெம்பர் பிறந்தால் வேற ஒண்டிலயும் மனம் நிக்காது.

நான் கேக்கிறது பருவம் முடியக் கிண்ணத்துக்காக நடக்கிற பிளேஓப் ஆட்டங்களைப் பற்றி இல்லை. அதுக்கு முந்தின கிழமை. உள்ளுக்குப் போறமோ வீட்டை போறமோ எண்டு தெரியாமல் நிக்கிற அந்தக் கடைசி நாட்களை ஆர் ஆர் எப்பிடிப் பாத்தனீங்கள்? நான் முதல் எழுதுறன்.

2025 செப்டெம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. ஒரு அணிக்கு ஒரு பருவத்தில 162 ஆட்டம். 161 முடிஞ்ச நிலையில ரொறன்ரோ புளூ ஜேய்ஸும் நியூயோர்க் யாங்கீஸும் 93 வெற்றி, 68 தோல்வி. மார்ச் கடைசியில இருந்து கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் விளையாடியும் ரெண்டு பேருக்கும் நடுவில ஒரு இழை இடைவெளி இல்லை. ரெண்டும் ஒரே பிரிவு, ரெண்டுக்கும் பிளேஓப் உறுதி. ஆனால் அண்டைக்கு அந்தப் பிரிவை வெண்ட அணி முதல் சுற்றை விளையாடாமலே தாண்டும். மற்றது மூண்டு ஆட்டத் தொடர் ஒண்டில தப்பிப் பிழைக்கவேணும். வித்தியாசம் சின்னன் இல்லை.

மந்திர எண் எண்டு ஒண்டு சொல்லுவினம். 163 இல இருந்து முன்னுக்கு நிக்கிற அணியின்ர வெற்றியையும் துரத்துற அணியின்ர தோல்வியையும் கழிக்கவேணும். 163 இல 93 உம் 68 உம் போனால் 2. அப்ப ஜேய்ஸ் வெல்லவும் வேணும், யாங்கீஸ் தோக்கவும் வேணும் எண்டுதான் கணக்குச் சொல்லும். ஆனால் சமனாக முடிஞ்சால் அந்த ரெண்டு அணியும் தங்களுக்குள்ள விளையாடின ஆட்டங்களைப் பாப்பினம். 13 ஆட்டத்தில ஜேய்ஸ் 8, யாங்கீஸ் 5. அதால ஜேய்ஸுக்கு உண்மையில தேவைப்பட்டது ஒண்டே ஒண்டு: தாங்கள் வெல்லுறது. ஜூன் 30 தொடக்கம் ஜூலை 3 வரை ரொறன்ரோவில யாங்கீஸை நாலு ஆட்டத்திலயும் அடிச்சதுதான் செப்டெம்பர் கடைசியில வந்து நிண்டு பேசினது. ஏப்ரலில தோத்த ஆட்டம்தானே, ஜூலையில வெண்ட ஆட்டம்தானே எண்டு இந்த விளையாட்டில ஒண்டையும் தள்ளேலாது.

கடைசி ஞாயிறு எல்லா மைதானத்திலயும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில தொடங்குவினம். ஒருத்தற்ற முடிவைத் தெரிஞ்சுகொண்டு மற்றவர் விளையாடக் கூடாது எண்டதுக்காக. அங்க பின்னேரம் மூண்டு மணி, இஞ்ச நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. நவராத்திரிக் காலம், கொலுவுக்குப் படைச்ச கடலை மிச்சம் இருந்தது. அதோட நான் விறாந்தையில. ஸ்காபரோவில சித்தி தன்ர போனை ரி.விக்கு முன்னால சாத்தி வைச்சிருந்தா.

தம்பா பேக்கு எதிராக முதல் இன்னிங்ஸிலேயே, மூண்டு பேஸிலயும் ஆள் நிக்க, அலெஹாந்த்ரோ கேர்க் அடிச்ச பந்து வேலி தாண்டிப் போச்சுது. ஒரே அடியில நாலு ஓட்டம். அவர் பிறகு இன்னுமொண்டும் அடிச்சவர். 13–4 எண்டு முடிஞ்சது. அங்கால யாங்கீஸும் பால்டிமோரை 3–2 எண்டு வெண்டுட்டினம். ரெண்டு பேருக்கும் 94.

"அவையும் வெண்டிட்டினமாம் பிள்ளை, இனி என்ன செய்யிறது?" எண்டு சித்தி கலங்கிப்போய்க் கேட்டா. மைதானத்துக்குக் கிட்ட இருக்கிற அவவுக்கு, கொக்குவிலில இருந்து நான் அந்த எட்டுக்கு அஞ்சை விளங்கப்படுத்தினன். விளங்கினதும் அவ போட்ட சத்தத்துக்கு இஞ்ச அம்மா எழும்பி வந்திட்டா. 2015 க்குப் பிறகு அண்டைக்குத்தான் ஜேய்ஸ் பிரிவை வெண்டது.

நெல்லியடியில இருந்து

தம்பி, உம்மட கதை வாசிக்கச் சந்தோசம். நான் 86 இல ரொறன்ரோ போனவன், இப்ப ஊரோட வந்திருக்கிறன். என்ர கதை தோத்த கதை.

87 இல நான் ஒரு உணவகத்தில கோப்பை கழுவுற வேலை. குசினியில ஒரு ரேடியோ. ரொம் சீக், ஜெரி ஹவார்த் ரெண்டு பேரும் வர்ணனை. அவையின்ர குரலிலதான் நான் இங்கிலீஷும் பேஸ்போலும் சேர்த்துப் படிச்சனான். சீக் பந்து போற பாதையைச் சொல்லச் சொல்ல, கண்ணால காணாத மைதானம் எனக்கு முன்னால விரியும். கிரிக்கெற் தெரிஞ்சவனுக்குப் பாதி விளங்கும், மிச்சப் பாதியைக் கூட வேலை செய்த இத்தாலிக்காரர் சொல்லித் தந்தவர். லீவு நாளில எக்சிபிஷன் ஸ்ரேடியத்துக்குப் போய் மலிவான இருக்கையில இருந்து பாத்தும் இருக்கிறன். செப்டெம்பரில அந்த ஏரிக்காத்து எலும்புக்குள்ள போகும். இப்ப இருக்கிற கூரை திறந்து மூடுற மைதானம் 89 இலதான் வந்தது.

அந்த வருசம் எங்கட ஜோர்ஜ் பெல் 47 ஹோம் ரன், வேலி தாண்டுற அடி. செப்டெம்பர் 24 இல டிற்றோயிட் டைகேர்ஸ் ரொறன்ரோவுக்கு வந்தினம். முதல் மூண்டு ஆட்டத்தையும் நாங்கள் வெண்டம். ஆனால் அதில முதல் ஆட்டத்திலயே ரோனி பெர்னாண்டஸ் முழங்கை அடிபட்டுப் போனார். அவர் இல்லாத அணி வேற அணி, அதை நான் இண்டைக்கும் சொல்லுவன். இருந்தாலும் 7 ஆட்டம் மிச்சம் கிடக்க மூண்டரை ஆட்டம் முன்னுக்கு நிண்டம். குசினியில எல்லாரும் முடிஞ்சுது எண்டு சொல்லியாச்சு.

அந்த ஏழையும் தோத்தம்.

ஞாயிற்றுக்கிழமை 13 இன்னிங்ஸ் போய் டைகேர்ஸிட்ட 3–2. பேந்து மில்வோக்கி வந்து மூண்டு ஆட்டம், மூண்டும் போச்சுது. கடைசி மூண்டு டிற்றோயிட்டில: 4–3, 3–2, 1–0. அந்த ரெண்டு அணியும் கடைசிப் பதினொரு நாளில தங்களுக்குள்ள விளையாடின ஏழு ஆட்டமும் ஒரே ஒரு ஓட்டத்தால முடிஞ்சது. கடைசி நாள் எங்களுக்காகப் பந்து எறிஞ்ச ஜிம்மி கீ குடுத்தது மூண்டே மூண்டு ஹிற். அதில ஒண்டு லாரி ஹேர்ண்டன் அடிச்ச ஹோம் ரன். ஃபிராங்க் டனானா எங்களுக்கு ஒரு ஓட்டமும் தராமல் முழு ஆட்டத்தையும் எறிஞ்சு முடிச்சார். நான் கையில சவுக்காரத்தோட ரேடியோவுக்குக் கிட்டப் போய் நிண்டனான். இத்தாலிக்காரர் வந்து அதை நிப்பாட்டினார்.

இப்பத்தைப் பிள்ளையளுக்கு ஒண்டு தெரியவேணும். அப்ப வைல்ட் கார்ட், அதாவது பிரிவை வெல்லாத அணிக்கும் பிளேஓப்பில ஒரு இடம், எண்டு ஒண்டு இல்லை. பிரிவை வெல்லாட்டி வீடுதான். டைகேர்ஸ் 98, நாங்கள் 96. நாங்கள் வெளியில. மற்றப் பிரிவை 85 வெற்றியோட வெண்ட மினசோட்டா உள்ளுக்குப் போய் உலகத் தொடரையும் தூக்கினது. 92 இலயும் 93 இலயும் ஜேய்ஸ் கிண்ணம் வெல்லேக்கையும் நான் அங்கதான். 93 இல ஜோ கார்ட்டர் கடைசி அடி அடிச்ச இரவு றோட்டில நிண்டு ஆடினவன். அப்பிடி இருந்தும் எனக்கு நெருக்கம் 87தான். வந்து ஒரு வருசத்தில, கடிதம் தவிர ஊரோட ஒரு தொடர்பும் இல்லாத நேரத்தில, ஒவ்வொரு நாளும் எனக்காக ஒருத்தர் விளையாடினமாதிரி இருந்தது. தோத்தாலும் அவை என்ர ஆக்கள் எண்டு அந்தக் கிழமைதான் தெரிஞ்சது.

சாவகச்சேரியில இருந்து

ஐயா, வாசிச்சு முடிய எனக்கு 2021 தான் ஞாபகம் வந்தது.

நான் பள்ளிக்கூடத்தில எல்லே விளையாடினனான். மூங்கில் தடி, ரெனிஸ் பந்து, அடிச்சுப்போட்டு ஓடுறது. அதால பேஸ்போல் எனக்கு அந்நியமாத் தெரியேல்லை. எல்லேயில ஓடுறவரைப் பந்தால எறிஞ்சு ஆட்டமிழக்கச் செய்யலாம், பேஸ்போலில அப்பிடி இல்லை எண்டதுதான் முதல்ல பிடிபடக் கஷ்டமாக இருந்தது. அண்ணை பிரம்டனில இருக்கிறார். அவர்தான் என்னை ஜேய்ஸ் பக்கம் இழுத்தவர்.

அந்த வருசம் அந்த அணிக்குச் சொந்த வீடே இல்லை. கொரோனாவால எல்லை மூடிக் கிடந்தது. தங்கட "சொந்த மைதான" ஆட்டங்களைப் புளோரிடாவில டனீடினிலயும், பேந்து பபலோவிலயும் விளையாடினவை. ஜூலை 30 இலதான் ரொறன்ரோவுக்குத் திரும்பினவை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஒரு பருவத்தை ஓட்டினதைப் பாத்தால் எங்கட ஆக்களுக்கு மனம் ஒட்டாமல் விடுமோ? அப்பிடி இருந்தும் குரேரோ 48 ஹோம் ரன், செமியன் 45, றொபி றேக்குச் சிறந்த பந்து எறியிறவருக்கான சை யங் விருது.

கடைசி நாள் ஒக்டோபர் 3. யாங்கீஸும் பொஸ்டனும் 91 வெற்றி, நாங்கள் 90. வைல்ட் கார்ட் இடம் ரெண்டுதான். நாங்கள் வெல்லவேணும், அவையில ஒருத்தராவது தோக்கவேணும். அப்பதான் சமனாகி 163 ஆவது ஆட்டம் வரும்.

எங்கட ஆட்டத்தில ஒரு பயமும் இல்லை. ஸ்பிறிங்கர் ரெண்டு ஹோம் ரன், பால்டிமோரை 12–4. நான் போனில மற்ற ரெண்டு ஆட்டத்தின்ர எண்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தன். பொஸ்டன் வாஷிங்டனிட்ட 5–1 எண்டு பின்னுக்கு நிக்குது. யாங்கீஸ் தம்பா பேயோட 0–0. அண்ணை ஒரு சொல்லும் கதைக்கேல்லை, நானும் இல்லை. பொஸ்டன் மெல்ல மெல்ல வந்து 5–5. யாங்கீஸ் ஒன்பதாவது இன்னிங்ஸில ஜட்ஜ் அடிச்ச ஒரு அடியில 1–0. அது வேலிக்குப் போன அடியும் இல்லை, உள்மைதானத்தையே தாண்டாத பந்து. பொஸ்டனுக்கு ஒன்பதாவதில டெவேர்ஸ் ஹோம் ரன், 7–5.

91 வெற்றி, வெளியில. ஒரு ஆட்டத்தால.

நல்லா விளையாடியும், கடைசி நாள் செய்யவேண்டியதைச் செய்தும், வேற ரெண்டு ஊரில ஆரோ அடிச்ச அடியால கதவு மூடுறதைப் போல கொடுமை விளையாட்டில வேற இல்லை எண்டுதான் இண்டைக்கும் நினைக்கிறன். அடுத்த வருசமே விதி மாறினது: 2022 இல இருந்து ஒரு லீக்குக்கு மூண்டு வைல்ட் கார்ட், மொத்தம் 12 அணி. அந்த விதி ஒரு வருசம் முந்தி வந்திருந்தால் மூண்டாவது இடம் எங்களுக்குத்தான். சியாற்றில் 90 இலயே நிண்டுட்டுது. அண்ணை இதை ஒவ்வொரு செப்டெம்பரும் சொல்லுவார்.

மானிப்பாயில இருந்து

அக்கா, நீங்கள் ரெண்டு ஊர் எண்டு சொன்னியள். அரிசோனாக்காரர் 2024 இல தங்கட 162 ஆட்டமும் முடிச்சுப்போட்டு வீட்டில இருந்து பாத்தவை. புயலால பின்போட்ட ரெண்டு ஆட்டத்தை மெற்ஸும் அட்லாண்டாவும் திங்கட்கிழமை ஒரே நாளில விளையாடினவை. ஆரோ ஒருத்தர் ரெண்டையும் வெண்டால் அரிசோனா உள்ளுக்கு. ஆளுக்கொண்டு வெண்டால் அவை ரெண்டு பேரும் உள்ளுக்கு. முதல் ஆட்டத்தில அட்லாண்டா 3–0 எண்டு முன்னுக்கு, பிறகு மெற்ஸ் 6–3, பிறகு அட்லாண்டா 7–6, கடைசியா லிண்டோர் அடிச்சு மெற்ஸ் 8–7. ரெண்டாவது ஆட்டத்தை அட்லாண்டா 3–0 எண்டு வெண்டது. மூண்டு அணிக்கும் 89 வெற்றி, 73 தோல்வி. அரிசோனா மட்டும் வெளியில. இஞ்ச இரவு பத்தே முக்காலுக்குத் தொடங்கினது, விடியப்புறம் வரை பாத்தனான். நான் அரிசோனா ரசிகன் இல்லை, ஆனால் அண்டைக்கு அவைக்காகத்தான் மனம் அடிச்சது.

சுன்னாகத்தில இருந்து

எல்லாம் சரி, ஆனால் 163 ஆவது ஆட்டத்தை எடுத்துப்போட்டதை நான் ஏற்கமாட்டன். 162 ஆட்டத்தில சமனாக நிண்ட ரெண்டு அணியை மைதானத்தில விட்டுத் தீர்க்கிறதுதான் முறை. 2018 ஒக்டோபர் 1 இல ஒரே நாளில ரெண்டு 163 நடந்தது. மில்வோக்கியும் சிக்காகோ கப்ஸும் 95 இல சமன். மில்வோக்கி 3–1. தோத்த கப்ஸ் அடுத்த நாளே அதே மைதானத்தில கொலராடோவிட்ட 13 இன்னிங்ஸ் விளையாடி 2–1 எண்டு தோத்தினம். ரெண்டு நாளில பருவம் முடிஞ்சுது. ஆனாலும் அவையை வெளியில அனுப்பினது பந்து, முந்தித் தங்களுக்குள்ள விளையாடின பழைய பட்டியல் இல்லை. கொக்குவில் தம்பியின்ர எட்டுக்கு அஞ்சு எனக்கு வயித்தை நிரப்பாது.

கொக்குவிலில இருந்து

அண்ணை, அந்த எட்டும் மைதானத்தில வெண்டதுதானே. அந்த ஒரு ஆட்டத்துக்கு எறியவெண்டு நல்ல பந்துவீச்சாளரைச் செலவழிச்சால், அடுத்த சுற்றில அதின்ர விலையைக் குடுக்கவேணும். யாங்கீஸ் பிறகு பொஸ்டனைத் தாண்டி ஜேய்ஸோட மோத வந்தினம், நாலு ஆட்டத்தில தொடர் முடிஞ்சுது, ஜேய்ஸுக்கு 3–1. தீர்ப்பு மைதானத்திலயும் அதேதான். ஆனால் மெற்ஸ் ஆக்கள் உங்கட பக்கம்தான் நிப்பினம்: அதே ஞாயிறு சின்சினாட்டியோட 83 இல சமனாகி, பழைய பட்டியலால வெளியில போனவை.

டிற்றோயிட் பக்கம் சொந்தம் உள்ள ஆராவது இருந்தால் எழுதுங்கோ. அதே 2025 இல 15½ ஆட்டம் பின்னுக்கு நிண்ட கிளீவ்லண்ட் உங்கட அணியைப் பிடிச்சுப் பிரிவை வெண்டது. பிறகு வைல்ட் கார்ட் தொடரில நீங்கள் அவையை 2–1 எண்டு வீட்டை அனுப்பினீங்கள். அந்த மூண்டு ஆட்டத்தையும் முழுசாப் பாத்தவர் சொல்லிக் கேக்கவேணும். நெல்லியடி ஐயாவும் வாசிப்பார்.