14,000 பவுண்டு ஃபிப்த் வீல் டிரெய்லருக்கு முக்கால் டன் டிரக் போதுமா?

கேள்வி: என் ஃபிப்த் வீல் டிரெய்லரின் (பிக்கப் டிரக்கின் பின்தளத்துக்குள் மாட்டி இழுக்கும் வகை) உச்ச எடை, சாமானோடு சேர்த்து, 14,000 பவுண்டு. என் முக்கால் டன் ரக டீசல் பிக்கப்பின் இழுவைத் திறன் 18,000. கதவோர ஸ்டிக்கரில் பேலோடு (டிரக் தன் மேல் தாங்கக்கூடிய எடை) 2,300. சமாளிக்குமா?

பதில் 1: இழுக்கும், தாங்காது. டிரெய்லரின் மொத்த எடையில் 20–25 சதவீதம் கிங்பின் (டிரெய்லரை டிரக்கில் மாட்டும் முளை) வழியாக டிரக் மேலேயே இறங்கும். அதாவது 2,800 முதல் 3,500 வரை. இதோடு ஹிட்ச் (டிரக்கில் உள்ள இணைப்புக் கருவி), ஆட்கள், டிரக்கில் ஏற்றும் சாமான் எல்லாம் அந்த 2,300-க்குள்தான் அடங்கணும். விளம்பரத்தில் வரும் இழுவை எண்ணை மறந்துடுங்க.

பதில் 2: சஸ்பென்ஷனில் ஏர்பேக் (காற்றுப் பை) போட்டால் டிரக்கின் பின்பக்கம் நிமிரும், அவ்வளவுதான். ஆக்சிலும் டயரும் தாங்கும் எடை வரம்பு அதிகமாகாது. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள ஒரு டன் டிரக் பாருங்க.

கேள்வி கேட்டவர்: பிரோஷரில் கிங்பின் எடை 2,100 தானே?

பதில் 1: அது காலி டிரெய்லருக்கு. டிரெய்லரின் முன்பக்க அறையில் சாமான் ஏற ஏற அது கூடும். லோடோடு எடைமேடையில் ஏற்றிப் பாருங்க. டிரக்கின் பெட் (பின்தளம்) குட்டை என்றால் ஸ்லைடர் ஹிட்ச் (பின்னோக்கி நகரும் ஹிட்ச்) கேளுங்க. இல்லாவிட்டால் இறுக்கமான திருப்பத்தில் டிரெய்லர் மூக்கு கேபினின் பின்கண்ணாடியை இடிக்கும்.