அப்பீலில் குறைத்த ஜீவனாம்சத்துக்கு ரிவியூ போடலாமா? அவசரம்

திண்டுக்கல் தங்கை:
அக்காவுக்கும் குழந்தைக்கும் மாதம் 15,000 கொடுக்கச் சொன்ன ஆர்டரை அப்பீலில் 7,000 ஆக்கிவிட்டார்கள். அத்தானுக்குச் சம்பளம் குறைவாம். இப்போது மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். ரிவியூ எந்தக் கோர்ட்டில் போட வேண்டும்? எத்தனை நாள் டைம்?

சேலத்துக்காரர்:
எந்தச் சட்டத்தில் போட்ட வழக்கு, எந்தக் கோர்ட், அப்பீல் தீர்ப்பு எந்தத் தேதி? மூன்றையும் சொல்லுங்கள். வழி ஒவ்வொன்றுக்கும் வேறு.

நீதி கேட்பவன்:
நேராக டெல்லி போங்கள் சகோதரி. உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

மூத்த குமாஸ்தா:
ரிவியூ, ரிவிஷன், அப்பீல் மூன்றும் வேறு வேறு. தீர்ப்புச் சொன்ன கோர்ட்டே திரும்பப் பார்ப்பது ரிவியூ, மேல்கோர்ட் வழக்கை முழுதாகப் பார்ப்பது அப்பீல், கீழ்க்கோர்ட் தீர்ப்பில் தவறு உண்டா என்று மட்டும் மேல்கோர்ட் பார்ப்பது ரிவிஷன். கேள்வி கேட்கும் முன் இதையாவது படித்துவிட்டு வரலாம். கிரிமினல் கோர்ட் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டால் எழுத்துப்பிழை, கணக்குப்பிழை தவிர எதையும் மாற்ற முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 362, அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இப்போது 403. முப்பது வருடமாக இதைத்தான் பார்க்கிறேன்.

மதுரை வக்கீல்:
ஐயா, அந்தப் பிள்ளை பதற்றத்தில் எழுதியிருக்கிறது. ஜீவனாம்சத்தில் அந்தத் தடை அவ்வளவு இறுக்கமும் இல்லை. அதே பழைய சட்டத்தின் பிரிவு 125ல் போடும் ஜீவனாம்ச ஆர்டர் பற்றி உச்ச நீதிமன்றமே 2020ல் சொல்லியிருக்கிறது. தங்கச்சி, 125 ஆர்டருக்கு அப்பீல் கிடையாது, ரிவிஷன்தான். அப்பீல் நடந்தது என்றால் குடும்ப வன்முறைச் சட்டமாக இருக்கும். சரியா?

திண்டுக்கல் தங்கை:
ஆமாம் அண்ணா, டி.வி. ஆக்ட்தான். மாஜிஸ்திரேட் ஆர்டர், செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல். தீர்ப்பு வந்து 70 நாள் ஆகிறது. வாடகைக்கு ஆள் வந்தது போன மாதம்தான்.

மதுரை வக்கீல்:
அப்படியானால் இரண்டு வழி இருக்கிறது. 7,000 ஆக்கியதே தவறு என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சீராய்வு மனு, அதாவது ரிவிஷன். 90 நாள் கெடு. சான்றிட்ட நகல் தர ஆகும் நாள் அதில் சேராது, ஆனாலும் காபி அப்ளிகேஷனை நாளைக்கே போடுங்கள். அங்கே கீழ்க்கோர்ட்டில் இருந்த ஆவணங்களைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். புது வாடகையை அங்கே கொண்டுபோய்ப் பெரிய பயனில்லை. அதற்கு அதே மாஜிஸ்திரேட்டிடம் டி.வி. ஆக்ட் பிரிவு 25(2)ல், சூழ்நிலை மாறியதால் ஆர்டரை மாற்றக் கேட்டு மனு. தீர்ப்புக்குப் பிறகு சூழ்நிலை மாறியிருக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடகை போன மாதம் தொடங்கியது உங்களுக்குச் சாதகம். வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு, சொத்து வரி ரசீது என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

நீதி கேட்பவன்:
அதுவரை அந்த 7,000ஐத் தொடவே கூடாது. வாங்கினால் தீர்ப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும்.

சேலத்துக்காரர்:
தயவுசெய்து இதை எழுதாதீர்கள். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவது? உரிமையை விட்டுக்கொடுக்காமல் வாங்குகிறோம் என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டு வாங்கலாம்.

நீதி கேட்பவன்:
என் சித்தப்பா வழக்கில் வாங்கியதைத்தான் எதிர்தரப்பு வாதமாகப் பிடித்துக்கொண்டது.

மூத்த குமாஸ்தா:
அது சொத்து வழக்கு, இது சாப்பாட்டுக்கான பணம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

நீதி கேட்பவன்:
உங்களுக்கு எல்லாம் தெரியும் ஐயா. ஆண்கள் படுகிற பாடு மட்டும் தெரியாது.

சேலத்துக்காரர்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். தங்கச்சி, செலவுக்குக் கவலைப்படாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு அழையுங்கள்.

மதுரை வக்கீல்:
ஒன்று கேட்க மறந்தேன். உங்கள் அத்தான் சொத்து, வருமானம், கடன் பற்றிய பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்தாரா? 2020 ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் அதைக் கொடுத்தாக வேண்டும். அது இல்லாமல் சம்பளச் சீட்டை மட்டும் பார்த்துக் குறைத்திருந்தால், சீராய்வில் முதல் பாயின்ட் அதுதான். மாடி கட்டப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் அதில் தெரிந்திருக்கும்.

திண்டுக்கல் தங்கை:
காபி அப்ளிகேஷன் போட்டாச்சு அண்ணா. 7,000ஐயும் கடிதம் கொடுத்து வாங்கிக்கொண்டாள். ரொம்ப நன்றி.

மதுரை வக்கீல்:
நல்லது. அந்தப் பிரமாண வாக்குமூலம்?

மதுரை வக்கீல்:
தங்கச்சி, பார்த்தால் பதில் போடுங்கள். நகல் வந்ததும் முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள்.