கல்லில் வெட்டும் முன் ஒரு நிமிடம்

தோஹாவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தெருப்பெயர்க் கல்லுக்கு ஆளுக்கு ஐயாயிரம் கேட்டிருக்கிறீர்கள். தருகிறேன். ஆனால் போன வாரம் மதுரைக்குப் போன என் அக்கா மகன், கல் வெட்டும் பட்டறையில் இருந்த வாசகத்தைப் படமெடுத்து அனுப்பினான். 'கூடலழகர் பெருமாளின் திருப்பெயர் தாங்கிய பெருமாள் மேஸ்திரி வீதி' என்று இருக்கிறது! பெருமாள் எப்போதய்யா மேஸ்திரி வேலை பார்த்தார்?

1837-இல், பிளாக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில், கோட்டையை இடிக்க ஆரம்பித்து அகழியைத் தூர்த்தார்கள். இடித்த கல்லையும் மண்ணையும் போட்டு உண்டானவைதான் வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் உங்கள் வீதியும். மாரட் நிலம் அளந்தவர். பெருமாள் வேலையை நடத்திய மேஸ்திரி. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதக் கணக்கில் வீதி வைத்த ஊரில் ஒரு மேஸ்திரிக்கு வீதி கிடைத்திருக்கிறது. கலெக்டர் துரைக்கே நினைவாக ஒரு விளக்குத்தூண்தான். அந்த மேஸ்திரியை அழித்துவிட்டுச் சாமி பெயர் போடுவது நியாயமா?

மழைக்காலத்தில் உங்கள் வீதியில் இருந்த என் அம்மா வீட்டு வாசலில் தண்ணீர் நின்றால், "அகழி எட்டிப் பார்க்குது" என்பார் அப்பத்தா. அந்தத் திண்ணையும் இப்போது இல்லையாம்.

சிங்கப்பூரிலிருந்து:

வாசகம் இருக்கட்டும் அண்ணே. போன தடவை வாசகசாலைக்கு வாங்கிய இரண்டு பீரோவுக்கு ரசீது எங்கே? அதில் ஒன்று யார் வீட்டு மாடியில் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். பழைய கணக்கு வராமல் என் பணம் வராது.

டொராண்டோவிலிருந்து:

மாசி வீதிக்காரர் எங்கள் வீதிப் பெயரைத் திருத்த வேண்டாம். உங்கள் வீதியில் சித்திரைத் தேர்தானே ஓடுகிறது? முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

தோஹாவிலிருந்து:

மாப்பிள்ளை, மாசியில் நடந்த திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர். வீதி பழைய பெயரோடு நின்றுவிட்டது. கோபம் இருந்தால் மகாலுக்குப் போய்க் கேளுங்கள். அப்புறம், தேரைப் பற்றி நீங்கள் பேசலாமா? அந்த வருஷம் தேர் நிலைக்கு வந்த அன்று என் தகப்பனார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டு வீதி தள்ளி இருந்த உங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை.

கல்லில் 'மேஸ்திரி பெருமாள்' என்று திருத்திய படம் வந்ததும் பணம் அனுப்புகிறேன்.