‘ஸ்டேபிள்’ என்றால் கண்டம் தாண்டிவிட்டது என்று அர்த்தமா?

பெரியப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது நடந்தது. டாக்டர் வெளியே வந்து, “இப்போதைக்கு ஸ்டேபிள்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் உடனே போனை எடுத்து, “கண்டம் தாண்டிவிட்டது, யாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம்” என்று உறவினர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. மருந்துத் தட்டோடு வந்த செவிலியரிடம், “எது ஸ்டேபிள், சிஸ்டர்?” என்று கேட்டேன். அவர் நின்று பொறுமையாகச் சொன்னார். ரத்த அழுத்தம் இறங்காமல் நிற்கிறது, ஆனால் மருந்து ஏறிக்கொண்டிருப்பதால்தான் நிற்கிறது. மூச்சு வென்டிலேட்டரில் ஓடுகிறது. மருந்தைக் குறைத்துப் பார்க்கும்போதுதான் உடம்பு தானாகத் தாங்குமா என்று தெரியும்.

அண்ணனை மறுபடியும் போன் செய்யச் சொன்னேன். அத்தை அன்றிரவே வந்து சேர்ந்தார். பெரியப்பா பிறகு கண் விழிக்கவில்லை. முதல் போனோடு விட்டிருந்தால் அத்தைக்கு அந்த இரவு கிடைத்திருக்காது.

*

நான் செவிலியர். ‘மாற்றமில்லை’ என்ற பொருளில்தான் நாங்கள் ‘ஸ்டேபிள்’ என்று சொல்கிறோம். மோசமான நிலையும் மாறாமல் நிற்கலாம் அல்லவா? நோயாளியின் நிலையை வெளியில் தெரிவிக்க அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் குட், ஃபேர், சீரியஸ், கிரிட்டிகல் என்று படிகள் வகுத்திருக்கிறது. ஸ்டேபிள் என்பதைத் தனி நிலையாகச் சொல்லக் கூடாது, மற்றவற்றோடு சேர்த்தும் சொல்லக் கூடாது என்பது அதன் பரிந்துரை. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் நிலைகொள்ளாமல் இருப்பதைத்தான் கிரிட்டிகல் என்கிறார்கள். அப்படியிருக்க, ‘கிரிட்டிகல், ஆனால் ஸ்டேபிள்’ என்று செய்திகளில் படிக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வீட்டார் அதில் பின்பாதியை மட்டும்தான் பிடித்துக்கொள்கிறார்கள். தயங்காமல் கேளுங்கள்: மருந்தின் துணையோடு நிற்கிறதா, தானாக நிற்கிறதா? நேற்றைவிடத் தேவலையா?

*

என் மாமாவின் மருத்துவச் சீட்டில் ‘ஸ்டேபிள் ஆஞ்சைனா’ என்று எழுதியிருந்தது. ஸ்டேபிள்தானே என்று மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். மாடி ஏறினால் வந்து, உட்கார்ந்தால் அடங்கும் நெஞ்சுவலிக்கு அந்தப் பெயர். வலி ஒரே மாதிரி வந்து போகிறது என்பதுதான் அதில் ஸ்டேபிள், இதய ரத்தக்குழாயில் கோளாறு இருக்கத்தான் செய்கிறது. சும்மா இருக்கும்போதே வலித்தால் அது அன்ஸ்டேபிள், உடனே அவசர சிகிச்சைக்கு வர வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடத் தொடங்கினார்.